எழிலுடை ஊர்தியும் இளைத்த எஞ்சினும்

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணியைக் கண்டு வளர்ந்தவர்க்கு ஓர் உண்மை எவரும் சொல்லாமலே விளங்கியிருக்கும். கலத்தின் அழகு வேறு. கலத்தின் ஓட்டம் வேறு. கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்த்தோணி, பாய்களெல்லாம் விரிந்து காற்றும் வாய்த்த பொழுதில் காண்போர் கண்ணைப் பறித்துக்கொள்ளும். காற்று விழுந்துவிட்டாலோ, அதே தோணி கடலில் அசைவின்றிக் கிடக்கும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகளுக்கு டீசல் எஞ்சின் வைத்தார்கள். காற்றுக்குக் காத்திருக்கும் துன்பம் அதனால் ஒழிந்தது. ஆயினும், எஞ்சினின் வலிமையை இரட்டித்தால் தோணியின் வேகமும் இரட்டிக்கும் என்று அனுபவமுடைய தண்டல் எவரும் எண்ணார். பருத்த வயிற்றையுடைய கலம் ஓடுந்தோறும் தன் அணியத்தின் முன்னே ஓர் அலையைத் தானே எழுப்பிக்கொள்கிறது. குறித்த ஒரு வேகத்துக்கு மேல் எஞ்சின் எவ்வளவு உழைப்பினும், அவ்வுழைப்பில் பெரும்பகுதி அவ்வலையைப் பெரிதாக்குவதிலேயே கழிந்துவிடும்.

தரையில் ஓடும் மோட்டார் காருக்கும் இதனோடு ஒத்த விதிகள் உண்டு. அவ்விதிகளை வெறும் சூத்திரங்களாகக் கற்பதைவிட ஒரு காரை முன்னிறுத்திக் கற்பது மாணவர்க்கு எளிது. அதற்கேற்ற கார் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டாயிற்று. பார்வைக்குப் பேரெழில் வாய்ந்தது, ஓட்டத்தில் மந்தமானது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு 2000. எழிலுடைய ஒரு பழைய காரை விரைவுடையதாக்க முயல்வோர் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை இக்காரைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்து தேசத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் உறவால் வான்கார்டு, ஹெரால்டு முதலிய கார்களை இக்கம்பெனி இங்கே செய்து விற்றது. 1985-இல் அது ஒரு பெருமுயற்சியில் இறங்கியது. இங்கிலாந்தில் 1976-இல் வெளிவந்த ரோவர் எஸ்.டி. 1 என்னும் காரின் உடற்கூட்டை இங்கே கொண்டுவந்து, அதற்கு ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டது. டேவிட் பேச் என்னும் வடிவமைப்பாளரின் கைவண்ணம் அவ்வுடல். தாழ்ந்து நீண்ட மூக்கும், பின்புறம் சரிந்திறங்கும் கூரையும் கொண்டு, இத்தாலியப் பந்தயக் கார்களை நினைவூட்டுவது. 1977-ஆம் ஆண்டின் சிறந்த காராக ஐரோப்பியப் பத்திரிகையாளர் தேர்ந்தெடுத்தது இந்த ரோவரைத்தான்.

அந்த ரோவருக்கு இங்கிலாந்தில் வைத்த எஞ்சின் எட்டுச் சிலிண்டர்களையுடையது, அலுமினியத்தால் வார்க்கப்பட்டது, 3528 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 155 குதிரைச் சக்தியும் உடையது. சென்னைக் கம்பெனியாரோ அவ்வெஞ்சினைக் கொண்டுவரவில்லை. தம்மிடம் இருந்த பழைய வான்கார்டு மரபைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சினையே, 1991 கன சென்டிமீட்டர் அளவில், அவ்வுடலில் பொருத்தினர். அதன் சக்தி ஏறத்தாழ 80 குதிரை. ஐந்து கியருக்குப் பதில் நான்கு. நம் சாலைகளின் மேடுபள்ளம் கருதி உடலைச் சற்று உயர்த்தியும் வைத்தனர். விலை இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டியது. அவ்விலை கொடுத்து வாங்கியவர், மூக்கின் நீளத்தைக் கண்டு எதிர்பார்த்த பாய்ச்சலை மிதியில் காணவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. கம்பெனியின் கார்த்தொழிலும் அதனோடு முடிந்தது. உடலுக்கும் உயிர்க்கும் பொருத்தம் பாராத ஒரு முடிவு ஒரு தொழிற்சாலையையே வீழ்த்தியதில் பங்குகொண்டது என்று கூறினால் அது மிகையன்று.

இதே காலத்தில் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் வேறொரு கம்பெனி இதே பிழையைச் செய்து, பின்னர்த் திருத்தியும் கொண்டது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் வெளியிட்ட கான்டெசா, வாக்ஸால் விக்டர் என்னும் ஆங்கிலக் காரின் உடலைக் கொண்டது. அகன்ற தோளும் நிமிர்ந்த முகமுமாக வெகு கம்பீரமானது. அதற்கு முதலில் வாய்த்ததோ அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஏறத்தாழ 50 குதிரைச் சக்தி. யானைக்குக் கோவேறு கழுதையின் காலைப் பொருத்தியது போலாயிற்று. சில ஆண்டுகளுக்குள் கம்பெனியார் ஜப்பானிய இசுசு எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் அதற்கு அமைத்தனர். கொள்ளளவு 1817 கன சென்டிமீட்டர்; சக்தி 90 குதிரைக்குச் சற்றுக் குறைவு. அக்கார் 2002 வரை உற்பத்தியில் நின்றது. இரு கார்களின் வரலாறும் அருகருகே வைத்து எண்ணத்தக்கன.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கார் நேர்சாலையில் ஒரே வேகமாக ஓடும்போது எஞ்சின் இரண்டு எதிரிகளோடு போராடுகிறது. ஒன்று டயர் தரையில் உருளுவதால் உண்டாகும் தடை. மற்றது காற்றின் தடை. முன்னது வேகத்தோடு அதிகம் மாறாது. பின்னது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். அத்தடையை வெல்ல வேண்டிய சக்தியோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பப் பெருகும். நம் கார், ஆட்களோடும் மூட்டைகளோடும் 1500 கிலோ எடை உடையது என்றும், அளவான காற்றுத் தடை உடைய உருவம் வாய்ந்தது என்றும் கொண்டு நான் போட்ட கணக்கு இது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் உருளும் தடை ஏறத்தாழ 220 நியூட்டன். காற்றுத் தடை ஏறத்தாழ 355 நியூட்டன். இரண்டையும் வெல்லச் சக்கரத்தில் வேண்டுவது 16 கிலோவாட்டு, அதாவது 21 குதிரைச் சக்தி. 80 குதிரை உள்ள இடத்தில் 21 குதிரையே போதுமாயின், இக்காரை மந்தமானது என்பானேன் என்று மாணவர் கேட்கலாம்.

விடை, வேகத்தில் இல்லை. வேகத்தை எட்டுவதில் உள்ளது. 1500 கிலோ எடையை நிலையினின்று 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 579 கிலோஜூல் ஆற்றலை அதனுள் புகுத்த வேண்டும். 80 குதிரை என்பது எஞ்சின் தன் உச்சச் சுழற்சியில் தரும் அளவு. கியர் மாற்றும் இடைவெளிகளையும், சுழற்சி மெல்ல ஏறுவதையும், அச்சில் போகும் நஷ்டத்தையும் கழித்தால், சராசரியில் சக்கரத்தை அடைவது அதில் பாதியே எனக் கொள்ளலாம். அது 30 கிலோவாட்டு. 579-ஐ 30-ஆல் வகுக்க, 19 வினாடி வரும். காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் கூடும். லாரியொன்றைத் தாண்டிச் செல்ல எண்ணுகிறவர்க்கு இந்த வினாடிகள் உயிர் போன்றவை. ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரை என்பதே. ஆங்கில ரோவரில் டன்னுக்கு ஏறத்தாழ 120. சென்னைக் காரில் ஏறத்தாழ 60. உடல் ஒன்றே, எஞ்சின் தரும் சக்தியோ பாதி.

நம் ஊரின் காற்றையும் இங்கே மறந்துவிடலாகாது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக் கணவாய்களின் வழியே பாய்ந்துவரும் காற்றின் வேகத்தை, 1986-இல் இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்றைத் தூத்துக்குடியில் அமைத்ததிலிருந்தே அறியலாம். அக்காலத்தில் திருநெல்வேலிச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும் கார் 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசுமாயின், காருக்கும் காற்றுக்கும் உள்ள வேகம் 130. முன் சொன்ன 355 நியூட்டன் இப்போது 600 ஆகும். 21 குதிரை என்றது 30-ஐத் தாண்டும். அதே கார் மாலையில் திரும்பி வருங்கால் நல்ல எஞ்சின் வாய்த்ததுபோல் பறக்கும். பட்டறையில் பழுது பார்த்துத் திரும்பும் நாளில் இவ்வாறு பின்காற்றிலேறி வந்து, வேலை நன்றாயிற்று என்று மகிழ்ந்து போவோரும் உண்டு! சோதனை ஓட்டம் என்பது போகவும் வரவும் இரு திசையிலும் செய்யவேண்டியது.

இனி அந்த 1991 கன சென்டிமீட்டர் எஞ்சினின் குலத்தைச் சிறிது ஆராய்வோம். இக்கட்டுரைக்கு உயிரான பகுதி இதுவே. ஏனெனில், இக்காரைத் திருத்துவதற்கான மருந்து வெளியில் இல்லை. எஞ்சினின் சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினை உருவாக்கியது. வான்கார்டு காருக்கும் அதுவே. வயலில் உழுத பெர்குசன் டிராக்டருக்கும் அதன் இனமே. அதன் சிலிண்டர்கள் பிளாக்கோடு ஒன்றாக வார்க்கப்படாமல், தனித்தனி லைனர்களாகத் தண்ணீருக்குள் நிற்பன. தேய்ந்தால் கழற்றிப் புதியன இடலாம். வேண்டினால் வேறு விட்டமுள்ள லைனரையும் இடலாம். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் எல்லாவற்றிலும் 92 மில்லிமீட்டரே. மாறுவது விட்டம் ஒன்றுதான். 80 மி.மீ. விட்டமாயின் கொள்ளளவு 1850 கன சென்டிமீட்டர். 83 ஆயின் 1991. 85 ஆயின் 2088. 86 ஆயின் 2138. மாணவர்கள் வட்டத்தின் பரப்பை 92 மி.மீ. உயரத்தால் பெருக்கி, நான்கு சிலிண்டருக்கும் கூட்டிப் பார்த்துக்கொள்க. கணிதப் பாடத்துக்கு இதைவிடச் சுவையுள்ள உதாரணம் எளிதில் கிடையாது.

இதில் வியப்பானது ஒன்று உண்டு. வான்கார்டு காரில் 2088 கன சென்டிமீட்டர் கொண்ட எஞ்சின் 68 குதிரைச் சக்தியே தந்தது. 1953-இல் டிரயம்ப் டி.ஆர். 2 என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் காருக்காக அதே எஞ்சினைக் குறுக்கி 1991 ஆக்கியபோது, அது 90 குதிரை தந்தது! கொள்ளளவு குறைந்தது, வலிமை மிகுந்தது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

முத்துக்குளித்த காலத்து வழக்கம் இதற்கு நல்ல விளக்கம் தரும். மன்னார் வளைகுடாவில் 1961-இல் கடைசியாக நடந்த சலாபம் வரையில், குளிகாரனின் மதிப்பு அவன் தோளின் பருமனால் அளக்கப்பட்டதன்று. மூச்சின் நீளத்தால் அளக்கப்பட்டது. எஞ்சினும் அவ்வாறே. பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். எத்துணைக் காற்றை ஒரு நிமிஷத்தில் உள்ளே இழுத்து, எரித்து, வெளியே தள்ளுகிறது என்பதே அதன் வலிமை. டி.ஆர். 2-இல் ஒற்றைக் கார்புரேட்டருக்குப் பதில் இரட்டைக் கார்புரேட்டர் வைத்தார்கள். சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் விகிதத்தை 8.5-க்கு உயர்த்தினார்கள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் திருத்தினார்கள். எஞ்சின் தாராளமாக மூச்சு விட்டு, நிமிஷத்துக்கு 4800 சுற்று வரை தளராது ஏறியது. அவ்வாண்டில் பெல்ஜியத்தின் ஜாபெக்கே நெடுஞ்சாலையில், முன்கண்ணாடியைக் கழற்றி அடிப்புறத்தைத் தகட்டால் மூடிய ஒரு டி.ஆர். 2, மணிக்கு 200 கி.மீ. வேகத்தை எட்டியது. டிராக்டரின் இனத்துக்கு இப்பெருமை! கண்ணாடியைக் கழற்றியதும் அடியை மூடியதும் காற்றுத் தடையைக் குறைக்கவே என்பதை முன் சொன்ன கனக் கணக்கோடு சேர்த்து உணர்க.

இனிச் செய்முறை. பழைய ஸ்டாண்டர்டு 2000 ஒன்றைப் பெற்றவர் முதலில் செய்யத்தக்கது புதிய உறுப்பு வாங்குவதன்று. இருக்கும் எஞ்சின் தனக்குரிய 80 குதிரையையேனும் தருகிறதா என்று பார்ப்பது. நாற்பதாண்டு கடந்த எஞ்சினில் ரிங் தேய்ந்தும், வால்வு சரியாக அமராமலும், தீப்பொறி நேரம் பிந்தியும் இருக்கும். நான்கு சிலிண்டரிலும் அழுத்தத்தைக் கருவியால் அளந்தால் ஒரு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். அளவுகள் தம்முள் பெரிதும் வேறுபட்டால் எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். பிரிப்பதென்று முடிவாயின், அப்போதுதான் 86 மி.மீ. லைனரைப் பற்றி நினைக்கலாம்; இரு வேலையும் ஒரே செலவில் முடியும். லைனரை இடும்போது அதன் தலை, பிளாக்கின் மேற்பரப்பினின்று நூலிழையளவு உயர்ந்து நிற்கவேண்டும். அவ்வுயரம் நான்குக்கும் ஒன்றாய் இராவிடில் ஹெட் கேஸ்கட் தங்காது, தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். இவ்வினத்து எஞ்சின் பலவற்றைக் கெடுத்தது வேகமன்று. இந்த அளவில் காட்டிய அசிரத்தையே.

அடுத்தது மூச்சு. இரட்டைக் கார்புரேட்டரும், நெருக்கமற்ற புகைக் குழாயும், மென்மையான கேம் தண்டும் சேர்ந்து வைத்தால் பயன் தரும். ஒன்றை மட்டும் வைத்துப் பயனை எதிர்பார்ப்பது, மூக்கைத் திறந்து வாயைக் கட்டியது போலாகும். நெருக்க விகிதத்தை உயர்த்துவதற்கு இப்போது தடை குறைவு. அக்காலத்தில் நம் நாட்டுப் பெட்ரோல் தாழ்ந்த ஆக்டேன் எண்ணுடையதாதலின், எஞ்சினில் தட்டொலி எழாதிருக்க அவ்விகிதத்தைத் தாழ்த்தியே வைப்பது வழக்கம். இன்றைய பெட்ரோல் அதனினும் உயர்ந்தது. ஆனால் வேறிரண்டு சங்கதிகள் கவனிக்கத்தக்கன. 2000-இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. பழைய இரும்பு ஹெட்டில் வால்வு அமரும் இடங்களை அந்த ஈயமே தேயாமற் காத்து வந்தது. ஆதலின் ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட்டுகளைப் பதிப்பித்துவிடுவது நன்று. மற்றொன்று, இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் நாளடைவில் இளக்கிவிடும். சூடான எஞ்சினின்மேல் பெட்ரோல் சொட்டுவதைவிட அபாயமானது யாதுளது? குழாய்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றுவது, வேகத்துக்கான செலவுகள் எல்லாவற்றுக்கும் முந்தியது.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? டி.ஆர். வழியில் நடந்து 100 குதிரை கிடைத்தது எனக் கொள்வோம். 19 வினாடி 15 ஆகக் குறையும். இதைச் சிறிது என்று எண்ண வேண்டா. இதனோடு, காரினின்று தேவையற்ற 100 கிலோவைக் குறைக்க முடிந்தால் மேலும் ஒரு வினாடி மிஞ்சும். அதற்குச் செலவு ஏதுமில்லை. மூடியின் கீழே வருஷக்கணக்கில் கிடக்கும் சாமான்களை வீட்டில் இறக்கிவைத்தாலே அதிற் சிறு பங்கு குறையும்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லவேண்டும். 92 மி.மீ. ஏற்ற இறக்கம் உடைய எஞ்சின் நிமிஷத்துக்கு 5000 சுற்றுச் சுழலும்போது, பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 15 மீட்டருக்கு மேலாகிறது. அதன் கிராங்கு தண்டைத் தாங்கும் பேரிங்குகளோ மூன்றே. ஆகவே, சுழற்சியை இன்னும் ஏற்றி வலிமை பெறலாம் என்னும் ஆசை இவ்வெஞ்சினுக்குப் பொருந்தாது. இதன் இயல்பு மாட்டின் இயல்பு. மெல்லச் சுழன்று நன்றாக இழுக்கும். அவ்வியல்புக்கு ஏற்ற சீர்திருத்தம் கியர்ப் பெட்டியில் உள்ளது. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நான்கு வழிச் சாலை பெரும்பாலும் சமதளம். மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓட்டலாம். 100 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் எஞ்சின் 3000 சுற்று சுழல்வதாயின், 0.8 விகிதமுள்ள ஐந்தாவது கியரில் 2400 சுற்றே சுழலும். ஓசை அடங்கும், எண்ணெய் சூடேறாது, பெட்ரோலும் மிஞ்சும். டி.ஆர். 2-க்கே மிகைவிரைவுக் கியர் ஒன்றை விரும்பினோர்க்கு அமைத்துக் கொடுத்தார்கள். ரோவரின் உடல் ஐந்து கியர்ப் பெட்டிக்கென்றே வகுக்கப்பட்டதாதலின் அதற்கு இடமும் உண்டு. கையில் பணம் ஓரளவே உள்ளவர் எஞ்சினைவிடக் கியர்ப் பெட்டியில் அதைச் செலவிடுவதே மேல் என்பது என் துணிபு.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். வேகம் இரட்டித்தால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அவ்வளவையும் பிரேக்கே வெப்பமாக்கி வெளியேற்றவேண்டும். ஆதலின் எஞ்சினுக்கு ஒரு குதிரை சேர்க்கும் முன்னர் பிரேக்குக் குழாய், திரவம், தட்டு, ஷூ யாவும் புதுப்பிக்கப்பட்டிருக்கவேண்டும். ரேடியேட்டரும் அவ்வாறே, எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை, ரேடியேட்டருக்கும் புகைக் குழாய்க்குமே போகிறது. சித்திரை வெயிலில் சந்தையருகே நெரிசலில் நிற்கும் காருக்கு எதிர்க்காற்றும் இல்லை, மின்விசிறியொன்று அவசியம்.

உப்பளங்கள் சூழ்ந்த இக்கரையில் உள்ளவர்க்குத் தனியாக ஒன்று உரைக்கவேண்டும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த நிலை தமிழ்நாட்டுக்கு வாய்த்ததே பெரிதும் நம் தூத்துக்குடியால்தான். அதே உப்பு காற்றிலும் கலந்து வந்து இரும்பை அரிக்கிறது. ஸ்டாண்டர்டு 2000-க்குத் தனியான சட்டம் இல்லை; தகட்டு உடலே சட்டமும் ஆகும். கதவின் கீழுள்ள பெட்டித் தகடும், பின் அச்சைத் தாங்கும் இடமும், முன்புறத் தூண்களின் அடியும் துருவேறியிருந்தால், மேலே பூசிய வண்ணம் எவ்வளவு பளபளப்பினும் அக்காருக்குப் புதிய வலிமை கொடுப்பது தீங்கே. எஞ்சின் தள்ளும் விசையை உடலே தாங்கவேண்டும். பழைய தோணிக்கு எஞ்சின் வைக்கும் முன் ஓடாவி தன் சுத்தியலால் பலகைதோறும் தட்டி ஓசை கேட்பார். காருக்கும் அப்பரிசோதனையே முதற்படி.

சிலர் இவ்வளவு பாடு எதற்கு, ஆங்கில ரோவரின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினையே வாங்கி வைத்துவிடலாமே என்பர். உடல் அதற்கென்றே வகுக்கப்பட்டது என்பது மெய். பொருத்துவதிலும் தொல்லை பெரிதன்று. ஆயினும் அச்சு, பிரேக்கு, கியர், எரிபொருட் குழாய் யாவும் அதனோடு மாறவேண்டும். மாறியபின் அது சென்னைக் கார் என்பது பெயரளவிலேயே நிற்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததினின்று வேறாகும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. எஞ்சினை மாற்றப் பதிவதிகாரியின் அனுமதி முன்னரே பெறவேண்டும். மாறிய விவரம் சான்றிலும் ஏறவேண்டும். அனுமதியின்றி மாற்றிய கார் விபத்துக்குள்ளானால் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காடவும் நேரலாம்.

இதனினும் நுட்பமான தடை வேறொன்று உண்டு. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த கார்கள் பழம்பெரும் வாகனங்கள் எனத் தனியே பதிவு பெறலாம். ஆனால் உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யாது மூல வடிவில் காக்கப்பட்டவைக்கே அவ்வுரிமை. 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 அந்த வயதை 2035-இல் எய்தும். இப்போது எட்டுச் சிலிண்டரை ஏற்றியவர் அன்று அந்த வரிசையில் நிற்க இயலாது. லைனர், கார்புரேட்டர் முதலியவற்றை மாற்றியவரோ, கழற்றிய பழைய உறுப்புகளை எண்ணெய் தடவிச் சீலையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பின், ஒரு வாரத்தில் காரைப் பழைய நிலைக்குக் கொணரலாம். ஆகவே கழற்றும் எதையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்புகள் கிடைக்குமா என்னும் ஐயம் இயல்பே. கம்பெனி மறைந்து பல்லாண்டாயின. இங்கே கிடைப்பது அரிது. நல்லவேளையாக, டி.ஆர். கார்களைப் போற்றுவோர் இங்கிலாந்தில் இன்றும் மிகப் பலர். அவர்கள்பொருட்டு லைனர், பிஸ்டன், வால்வு, கேஸ்கட் யாவும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. வாங்குவோர் ஒன்றை மாத்திரம் மறவாதிருக்க. எஞ்சின் ஒரே குலமாயினும், சென்னையில் செய்தபோது எந்தெந்த உறுப்பு எவ்வாறு மாறியது என்பது காருக்குக் கார் வேறுபடலாம். ஆகவே, எஞ்சினைப் பிரித்து, லைனரின் வெளிவிட்டத்தையும் தோளின் உயரத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து குறித்துக்கொண்ட பின்னரே அயல்நாட்டுக்கு எழுதுக.